பூசியது ஒருத்தி, பாதரசம் மூன்று பேர் உடம்பில்: தண்டையார்பேட்டை வீடு ஒன்றில் நடந்தது

பாதரசம் என்று சொன்னால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் கொடைக்கானல்தான் ஞாபகத்துக்கு வரும். 2001 மார்ச்சில் ஊர்க்காரர்கள் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய தெர்மாமீட்டர் கண்ணாடித் துண்டுகளை டன் கணக்கில் கண்டுபிடித்தார்கள், அந்தத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடப்பட்டது, ஆனால் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான இழப்பீட்டு உடன்பாடு வர 2016 ஆகிவிட்டது. அங்கே காட்டுவதற்கு ஒரு தொழிற்சாலை இருந்தது, கெட்டுப்போன மண் இருந்தது, கேள்வி கேட்க ஒரு நிறுவனம் இருந்தது. நான் இங்கே எழுதுவது தண்டையார்பேட்டையில் ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீட்டைப் பற்றி. அங்கே இருந்தது முகத்துக்குப் பூசும் நைட் கிரீம் மட்டும்தான். அதைப் பூசியது ஒருத்தி. சிறுநீர்ப் பரிசோதனையில் பாதரசம் அதிகமாக வந்தது மூன்று பேருக்கு, அதில் ஒன்று நான்கு வயதுக் குழந்தை.

வட சென்னையில் சிறுநீரக நோயாளிகளோடு ஆஸ்பத்திரி அலைச்சலில் கூட நிற்கிற ஒரு சின்னக் குழுவில் நான் இருக்கிறேன், அப்படித்தான் இந்தக் குடும்பம் பழக்கம். எழுதச் சொன்னது அந்தப் பெண்தான். பெயர், தெரு, கடை, ஆஸ்பத்திரி எதுவும் வரக் கூடாது என்று சொன்னதும் அவள்தான்.

கால் வீக்கத்தில் தொடங்கியது

வயது 26. தி. நகரில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. முதலில் கணுக்கால் வீங்கியது. நாள் முழுக்க நிற்கிறோம், வீங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது, இருந்தாலும் ஆடித் தள்ளுபடி நேரத்தில் உட்கார யாருக்கு நேரம் கிடைக்கிறது. அப்புறம் காலையில் எழுந்தால் கண் இமை உப்பியிருக்க ஆரம்பித்தது. பக்கத்துக் கிளினிக்கில் நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது, மாத்திரையை நிறுத்தியதும் திரும்ப வந்தது. இப்படியே பல வாரம் போனது.

விஷயத்தைப் பிடித்தது அவள் அம்மா. "பாத்ரூம்ல சோப்புத் தண்ணி ஊத்தினாப்ல நுரைக்குதும்மா, தண்ணி ஊத்தினாலும் போக மாட்டேங்குது" என்று என்னிடம் சொன்னபோது, அடுத்த நாளே சிறுநீர் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். அல்புமின் நான்கு பிளஸ். அதாவது ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது. ரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்து உடம்பில் தங்கும், அதுதான் வீக்கம். அரசு மருத்துவமனையில் சேர்த்து பயாப்சி எடுத்தார்கள்.

பயாப்சியில் வந்தது மெம்பரனஸ் நெஃப்ரோபதி, சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வில் எதிர்ப்புப் புரதங்கள் படிந்து அது தடித்துப்போகும் நோய். வழக்கமாக இதில் தேடுகிற பிஎல்ஏ2ஆர் என்ற அடையாளப் புரதம் அவளுக்கு இல்லை. அதற்குப் பதிலாக நெல்-1 என்ற புரதம் சாயப் பரிசோதனையில் தெரிந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பெரியவர்களுக்கு நெல்-1 வந்தால் புற்றுநோய் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் அடிக்கடி இருக்கிறது என்பதை 2022இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது, அது சென்னையில் உள்ள ஒரு சிறுநீரக நோயியல் ஆய்வகத்திலிருந்து வந்தது, நாட்டு மருந்து சாப்பிட்டவர்களிடம் இந்த நெல்-1 வகையைப் பார்த்து, அந்த மருந்துகளில் பாதரசம் இருந்ததையும் பதிவு செய்தது. அடுத்து கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் மருத்துவர்கள், 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை பார்த்த 22 மெம்பரனஸ் நோயாளிகளில் 15 பேர் நெல்-1 வகை, அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள் என்று எழுதினார்கள்.

அதனால்தான் வார்டில் அந்த இளம் டாக்டர் வந்து முதலில் கேட்ட கேள்வி, "முகத்துக்கு என்ன போடுறீங்க?"

அதுவரை சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, வலி மாத்திரை சாப்பிடுகிறாயா என்று எல்லாம் கேட்டிருக்கிறார்கள். கிரீம் பற்றி யாரும் கேட்கவில்லை. ஏன் நீயாகச் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னது: "மருந்து ஏதாவது சாப்பிடுறியான்னுதான் கேட்டாங்க. கிரீம் மருந்து இல்லையே அக்கா." அவள் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். கால் வீக்கத்தோடும் நுரைத்த சிறுநீரோடும் வருகிற ஒவ்வொருவரிடமும், ஆணோ பெண்ணோ, தோலில் என்ன பூசுகிறீர்கள், நாட்டு மருந்து என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. பாதரசத்தைக் கட்டி உருட்டிய ரசமணியைப் பாலில் ஊறப்போட்டு அந்தப் பாலைக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

டப்பாவில் என்ன இருந்தது

வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. லேபிள் இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை, தேதி இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பியூட்டி பார்லரில் 350 ரூபாய்க்கு வாங்கியது, அங்கே அதற்குப் பெயர் "ஃபார்முலா கிரீம்". ராத்திரி பூசிக்கொண்டு படுக்க வேண்டும், காலையில் கழுவ வேண்டும், மோதிரம் வளையல் போட்டுக்கொண்டு தொடாதே என்று பார்லரில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நகையில் படக் கூடாது என்ற இந்த எச்சரிக்கை தற்செயலானது கிடையாது. பாதரசம் தங்கத்தோடும் வெள்ளியோடும் கலந்துவிடும். கிரீம் விற்கிறவர் நகையைக் கழற்றச் சொன்னால் அந்த டப்பாவை வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். திறந்து வைத்த கிரீம் கொஞ்ச நாளில் சாம்பல் நிறமாகவோ பச்சையாகவோ மாறினாலும் சந்தேகப்படலாம்.

கிரீம் வேலை செய்தது, அதுதான் பிரச்சினை. தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் உருவாக ஒரு நொதி தேவை, பாதரச உப்பு அந்த நொதியை முடக்கிவிடும். சீக்கிரமே முகம் வெளுத்தது, கடையில் கூட வேலை பார்ப்பவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள், நிறுத்தினால் பழையபடி கறுக்கும், சிலருக்கு முன்பைவிட அதிகமாகவே கறுக்கும், அதனால் நிறுத்த மனம் வராது. ஒரு வருஷத்துக்கு மேல் பூசியிருக்கிறாள்.

ஏன் பூசினாள் என்று அவளைக் கேட்டுத் திட்டியவர்கள் நிறைய. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அவள் அம்மா சொன்னதையும் இங்கே பதிவு செய்கிறேன்: "கலரு கம்மின்னு ரெண்டு எடம் தட்டிப் போச்சும்மா. நான்தான் வாங்கிப் போட்டுக்கோன்னு சொன்னேன்." பெண் பார்க்க வந்து நிறத்தைச் சொல்லிவிட்டுப் போன அந்த இரண்டு குடும்பங்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நோயும் அவளுக்கு, ஏச்சும் அவளுக்கு.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி பாதரசம் சேர்த்து கிரீம் தயாரிக்கவே கூடாது, தெரியாமல் கலந்திருந்தாலும் 1 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, கண்ணைச் சுற்றிப் போடும் பொருள்களுக்கு மட்டும் 70 பிபிஎம் வரை விலக்கு உண்டு. பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து போட்டதும் இந்தியா 2018இல் உறுதி செய்ததுமான மினமாட்டா உடன்படிக்கையிலும், பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள்கள் எல்லாவற்றையும் 2025க்குள் நிறுத்துவதாக 2023இல் ஜெனீவாவில் நாடுகள் முடிவெடுத்தன. நம் டப்பாவைக் கன உலோகம் பரிசோதிக்கும் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வகத்தில் கொடுத்தோம். ஆயிரக்கணக்கான பிபிஎம் என்று வந்தது. நகைக் கடையில் தங்கத்தின் தரம் பார்க்கிற மெஷினிலேயே பார்த்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அடிப்படைத் தொழில்நுட்பம் அதேதான், ஆனால் அது உலோகத்துக்கு என்று அளவு சரிசெய்யப்பட்ட மெஷின், கிரீமில் அது காட்டுகிற எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

வீடு முழுக்க எப்படிப் பரவியது

இந்த விஷயத்தில் நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிற பகுதி இதுதான். அவளுக்கு நோய் தெரிந்ததும் ஆஸ்பத்திரியில் அவளை மட்டும்தான் பார்த்தார்கள், அது இயல்பு. வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் பார்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 2010இல் அமெரிக்காவில் கலிபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் மெக்சிகோ கிரீம் பூசிய குடும்பங்களைச் சோதித்தபோது, கிரீமையே தொடாத வீட்டினர் சிறுநீரிலும் பாதரசம் அதிகமாக இருந்தது. 2023இல் மகாராஷ்டிராவின் அகோலாவில் ஒரே வீட்டில் தாய்க்கும் இரண்டு மகள்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட செய்தி வந்தது, அங்கே மூவருமே அந்தக் கிரீமைப் பூசியிருந்தார்கள்.

தண்டையார்பேட்டை வீட்டில் இரவு படுக்கிற வரிசையைக் கேட்டதுமே பாதி புரிந்துவிட்டது. ஒரே படுக்கையறை, அதில் அம்மா, இவள், நடுவில் அண்ணன் மகள். குழந்தைக்கு அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டுதான் தூக்கம் வரும், காலையில் அந்தக் கை வாய்க்குப் போகும். தலையணை உறை, துண்டு, போர்வை எல்லாம் பொது. கொசுத் தொல்லைக்காக ஜன்னல் ராத்திரி முழுக்க மூடியே இருக்கும். தோலிலும் துணியிலும் ஒட்டியிருக்கிற பாதரச உப்பில் ஒரு பங்கு மெல்ல ஆவியாகவும் மாறும், மூடிய அறையில் அது எங்கே போகும், மூச்சில்தான் போகும். அந்தத் துணிகளைக் கையால் துவைத்தது அம்மா.

கிரீமில் இருப்பது கனிமப் பாதரசம் என்பதால் சிறுநீரில்தான் பார்க்க வேண்டும். மீன் வழியாக வரும் மெத்தில் பாதரசம் வேறு வகை, அது ரத்தத்திலும் முடியிலும் தெரியும். சிறுநீரைச் சாதாரண டப்பாவில் பிடிக்காமல் ஆய்வகம் தருகிற உலோகக் கலப்பில்லாத குப்பியில்தான் பிடிக்க வேண்டும், சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினோடு சேர்த்துப் பார்த்தால்தான் எண்ணுக்கு அர்த்தம் வரும். முடிவு வந்தபோது அவளுக்கு இயல்பைவிடப் பல மடங்கு, அம்மாவுக்குக் கொஞ்சம் அதிகம், குழந்தைக்கு அம்மாவைவிட அதிகம்.

குழந்தைகளிடம் பாதரசம் ஏறினால் கை, கால் ரோஸ் நிறமாகித் தோல் உரிவது, காரணமில்லாமல் எந்நேரமும் அழுவது, கால் வலி, ரத்த அழுத்தம் கூடுவது என்று வரும். வைரஸ் காய்ச்சல், அடம் என்று சொல்லித் தள்ளிவிடக்கூடிய அறிகுறிகள். இந்தக் குழந்தைக்கு அது எதுவும் இல்லை. குழந்தை மருத்துவர் உலோகத்தை வெளியேற்றும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை, வீட்டிலிருந்து பாதரசத்தை வெளியே எடுங்கள், மாதங்கள் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். கனிமப் பாதரசம் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும், ஆனால் புதிதாக உள்ளே போவது நின்றால்தான் குறையும். டீடாக்ஸ் பொடி, கஷாயம் என்று பலர் கொண்டுவந்து நீட்டினார்கள், எல்லாவற்றையும் மறுத்தோம்.

வீட்டைச் சுத்தம் செய்ததை விவரமாக எழுதுகிறேன், இது யாருக்காவது பயன்படும். டப்பாக்களைத் திறக்காமல் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஜிப் கவரில் போட்டோம். கிரீம் பட்ட தலையணைகள், முகம் துடைத்த துண்டுகள், பவுடர் பஃப், பிரஷ் எல்லாம் கட்டித் தனியாக வைத்தோம், வாஷிங் மெஷினில் போடவில்லை, போட்டால் மெஷினுக்குள் படிந்து மற்ற துணிக்கும் போகும். கட்டில் சட்டம், பீரோக் கைப்பிடி, கண்ணாடி, கதவுக் குமிழ் எல்லாம் கையுறை போட்டு சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே மூட்டையில் போட்டோம். பெருக்கவே இல்லை. ஜன்னலைத் திறந்து கொசுவலை அடித்தார்கள்.

மூட்டையை என்ன செய்வது என்பதில்தான் சண்டை வந்தது. போகிக்கு எரித்துவிடலாம் என்று அம்மா எடுத்துவைத்திருந்தார். பழைய தலையணையை போகியில் போடுவது எல்லா வீட்டிலும் வழக்கம்தான், ஆனால் இதை எரித்தால் பாதரசம் முழுக்க ஆவியாகித் தெருவில் நெருப்பைச் சுற்றி மேளம் அடிக்கிற பிள்ளைகள் மூச்சில்தான் போகும். தொட்டியில் போட்டால் கொடுங்கையூர் குப்பைமேடு. சிங்க்கில் கழுவி ஊற்றினால் சாக்கடை, அங்கிருந்து கால்வாய், கடல், அடிச் சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றி மீனுக்கு அனுப்பிவைக்கும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளில் உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், டியூப்லைட், சிஎஃப்எல் பல்பு ஆகியவை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகவே சொல்லப்பட்டிருந்தன, கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவைப் புதைக்கும் இடமும் இருக்கிறது. தெருவில் வண்டி கொண்டுவரும் பணியாளரிடம் சொல்லாமல் திணிக்காதீர்கள், அவர் வெறும் கையால் பிரிப்பார். வார்டு அலுவலகத்தில் பேசி, என்ன பொருள் என்று எழுதி ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தோம். பல தடவை நடக்க வேண்டியிருந்தது.

அந்தச் சாக்கில் பீரோவில் தாத்தாவின் பாதரச பிபி மெஷினும் கிடைத்தது. ஒரு தெர்மாமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிராம் பாதரசம்தான், இந்த மெஷினில் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். உங்கள் வீட்டில் இருந்தால் உடையும் முன் கொடுத்துவிடுங்கள். தெர்மாமீட்டர் உடைந்தால் குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, ஏசியை நிறுத்தி, கெட்டியான அட்டையால் மணிகளை ஒதுக்கி, சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி, மிச்சத்தை டேப்பில் ஒட்டி எடுத்து மூடி போட்ட பாட்டிலில் அடையுங்கள். துடைப்பம் வேண்டாம், வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம்.

மீனை நிறுத்தினது தேவையில்லாத பயம்

பாதரசம் என்றதும் காசிமேட்டு மீனை அந்த வீட்டில் அறவே நிறுத்திவிட்டார்கள். அவள் நோய்க்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்லை, சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தவளுக்கு டாக்டர் சொன்ன அளவில் மீன் நல்லதும்கூட. நெத்திலி, மத்தி மாதிரி சின்ன மீன்களில் பாதரசம் குறைவு. பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று வருஷக்கணக்கில் சேர்த்துக்கொள்வதால் பெரிய சுறா, பெரிய சூரையில்தான் கூடுதல். நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற பால்சுறாப் புட்டு கொடுக்கிறோம். குட்டிச் சுறாவில் பெரிய சுறா அளவுக்குச் சேர்ந்திருக்காது, ஆனாலும் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்க்கச் சொல்வதுதான் உலகம் முழுக்க உள்ள அறிவுரை. அந்த இடத்தில் நெத்திலியோ காரப்பொடி மீனோ வைக்கலாம்.

இப்போது

கிரீமை நிறுத்தி, ரத்த அழுத்த மாத்திரை வகையில் புரதக் கசிவைக் குறைக்கும் ஒன்றைக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். காரணம் தெரிந்ததால் ஸ்டீராய்டை உடனே ஆரம்பிக்காமல் பொறுத்துப் பார்த்தார்கள், இதுதான் சரியான நேரத்தில் கேட்ட ஒரு கேள்வியின் பலன். மாதங்கள் ஆக ஆக நான்கு பிளஸ் குறைந்து, கடைசி டெஸ்ட்டில் லேசான தடயம் மட்டும். எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல முடியாது, தாமதமானால் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெடவும் வாய்ப்பு உண்டு. குழந்தையின் அளவு இயல்புக்கு வந்துவிட்டது, அம்மாவுக்கும்.

புகார் விஷயத்தில் பாதி வழியில்தான் நிற்கிறோம். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், 1940இன் 26ஆவது பிரிவின்படி, காசு கொடுத்து வாங்கிய எந்த அழகுசாதனப் பொருளையும் கட்டணம் செலுத்தி அரசு பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகம் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கிறது. திறக்காத ஒரு டப்பாவை அதற்காகவே தனியாக வைத்திருந்தோம், கொடுத்திருக்கிறோம். சிக்கல் என்னவென்றால் பேட்ச் எண்ணோ தயாரிப்பாளர் பெயரோ இல்லாத பொருளைப் பின்னோக்கித் தேடுவது கடினம். வெளிநாட்டு கிரீம் என்றால் டப்பாவில் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும், அது இல்லாதது எதுவுமே சட்டப்படி விற்கக்கூடிய பொருள் கிடையாது, ஆன்லைனில் வாங்கினாலும் பஜாரில் வாங்கினாலும் இதே விதிதான்.

பார்லர் நடத்துகிற அக்காவிடம் போய்ப் பேசினேன். யாரோ பெரிய வாளியில் கொண்டுவந்து கொடுப்பதைச் சின்ன டப்பாவில் நிரப்பி விற்றிருக்கிறார், அவரும் இரண்டு வருஷமாக அதையே பூசுகிறார், அவர் கால்களும் வீங்கியிருந்தன. அவரைப் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிட்டு வாளிக்காரரை விட்டுவிட்டால் அடுத்த தெருவில் அதே கிரீம் வரும். அதனால் முதலில் அவருக்கு சிறுநீர் டெஸ்ட் எடுக்க வைத்தோம், விற்பதை நிறுத்தச் சொன்னோம், இப்போது அவர் தன் போனில் உள்ள வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கிரீமை நிறுத்துங்கள், வீட்டில் குழந்தை இருந்தால் குழந்தைக்கும் சேர்த்து டெஸ்ட் எடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வாளி கொண்டுவந்தவரின் நம்பரை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வாளரிடம் கொடுத்திருக்கிறார். வாடிக்கையாளர்கள் பட்டியலில் இன்னும் பாதிப் பேரிடம் பேச வேண்டியிருக்கிறது.